20 லிட்டர் கேனும் 10 கிலோ தொப்பையும்

பெங்களூரில் இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு மிகத் தோதான இடம் வீட்டு வாசல்தான். தண்ணீர் போடுகிறவர் 20 லிட்டர் கேனைக் கதவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை அடுக்களைக்குக் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியது வீட்டுக்காரரின் வேலை. ஜாலஹள்ளியில் ஐம்பது வருஷமாக இருக்கிற குடும்பமானாலும், போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மாரத்தஹள்ளிக்கு வந்த பையனானாலும் இதில் வித்தியாசமில்லை. குனிகிறோம், கேனின் கழுத்தைப் பிடிக்கிறோம், தூக்குகிறோம். இடுப்பில் ‘சுருக்’ என்கிறது.

பத்து நாளில் ஸ்கேன் வந்துவிடும். எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே ‘ஜவ்வு பிதுங்கியிருக்கு’ என்று ரிப்போர்ட் சொல்லும். டாக்டர் தராசைப் பார்த்துவிட்டு, “மொதல்ல வெயிட்டக் குறைங்க” என்பார். “நடந்தா வலிக்குது டாக்டர், நடக்காம எப்படிக் குறைக்கிறது?” என்று கேட்டால் அவரிடம் நேரமிருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்க, எடைக்கும் இடுப்பு வலிக்கும் உள்ள உறவு என்ன என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கனம் ஏறினால் எலும்பு தேயும்’ என்ற கணக்கு பாதிதான் சரி.

முதலில் அந்தச் சரியான பாதி. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து எலும்புகள், எல்1 முதல் எல்5 வரை. கடைசி இரண்டு மூட்டுகளில்தான் தகராறு அதிகம். உடம்பின் மேல்பாதி மொத்தமும் இறங்குவது அங்கே. குனிந்து நிமிரும்போது அதிகமாக மடங்குவதும் அங்கே. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். அதன் மையத்திலிருந்து பின்னால் இருக்கும் முதுகுத் தசைகளுக்கு சுமார் 5 செ.மீ. தூரம். இது சீசா பலகை மாதிரி: முன்பக்கம் என்ன தொங்கினாலும், பின்பக்கம் அந்த 5 செ.மீ. கொம்பைப் பிடித்துக்கொண்டு தசைதான் இழுத்துச் சமன் செய்ய வேண்டும்.

வயிற்றில் 10 கிலோ கூடியிருக்கிறது, அதன் மையம் டிஸ்கிலிருந்து 20 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தை இருபதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் தசை இழுக்க வேண்டிய விசை 40 கிலோ. தொப்பையின் சொந்த எடை 10. ஆக டிஸ்கின் மேல் 50 கிலோ, சும்மா நிற்கும்போதே. நிஜ உடம்பில் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் கொஞ்சம் தாங்கிக்கொடுக்கும் என்பதால் இது முரட்டுக் கணக்குதான், ஆனால் கணக்கின் திசை சரி. தொடையிலும் பின்பக்கத்திலும் ஏறிய 10 கிலோவுக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. எத்தனை கிலோ என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கே இடுப்பு பதில் சொல்கிறது.

இப்போது கேனுக்கு வருவோம். கேனின் விட்டம் சுமார் 27 செ.மீ. வயிறு ஒட்டியிருப்பவர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால், தண்ணீரின் மையம் டிஸ்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும். 20 கிலோவுக்கு முப்பது செ.மீ. என்றால் தசைக்கு 120 கிலோ வேலை. தொப்பை இருப்பவர் எவ்வளவு அணைத்தாலும் வயிறு கேனை இன்னும் 15 செ.மீ. வெளியே தள்ளிவிடும். 45 செ.மீ. ஆகிவிட்டது, 180 கிலோ. அதே கேன், அதே வாசல், 60 கிலோ கூடுதல். குனியும்போது சாய்கிற உடம்பின் கனத்தை இதில் சேர்க்கவேயில்லை.

காகிதக் கணக்கு மட்டுமில்லை, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்குக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து எடுத்த அளவுகள் 1999-இல் வெளியாயின. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. 20 கிலோ சுமையை முட்டி மடக்கித் தூக்கினால் 1.7. முதுகை வில்லாக வளைத்துத் தூக்கினால் 2.3. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 0.22 சொச்சம்தான். முதுகை வளைத்துக் கேன் தூக்குகிற அந்த ஒரு நொடியில் டயரைப் போலப் பத்து மடங்கு அழுத்தம். தூக்கிய சுமையை உடம்போடு ஒட்டி நிறுத்திவிட்டால் அது 1.1-க்கு இறங்குகிறது. தொப்பைக்காரருக்குக் கைகூடாதது அந்தக் கடைசி வசதிதான்.

அவருக்கு ‘சரியாகத் தூக்கு’ என்று பாடம் நடத்துவது வீண் என்று தோன்றுகிறது. தூக்காமல் இருக்க வழி செய்வதுதான் புத்தி. இடுப்பு உயர ஸ்டூல் ஒன்று, கேன் வாயில் மாட்டுகிற சார்ஜ் பம்ப் ஒன்று. “அண்ணா, ஸ்டூல் மேலேயே வெச்சிடுங்க” என்று தண்ணீர் கொண்டுவருபவரிடம் ஒரு வார்த்தை. கவிழ்க்கிற வேலையே ஒழிந்தது. சமையல் சிலிண்டரும் அப்படித்தான்: உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. சாய்த்து, அடி விளிம்பில் உருட்டுவதோடு சரி, தூக்கக் கூடாது.

இனி தவறான பாதி. கனம்தான் டிஸ்கைத் தேய்க்கிறது என்றால், இரட்டையர்களில் குண்டானவரின் டிஸ்க் மோசமாக இருக்க வேண்டும். பின்லாந்தில் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டை ஆண்களை ஸ்கேன் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஜோடிகளுக்குள் சராசரி எடை வித்தியாசம் 13 கிலோ. கனமானவரின் டிஸ்குகள் மோசமாக இல்லை. ஒரு துளி மேலாகவே இருந்தன. டென்மார்க்கில் 29,000-க்கும் மேற்பட்ட இரட்டையரைப் பார்த்த 1999 ஆய்விலும், எடைக்கும் இடுப்பு வலிக்கும் தெரிந்த தொடர்பு ஒரே கரு இரட்டையரை ஒப்பிட்டதும் நீர்த்துப்போனது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பு, உடல் பருமன் உள்ளவர்களிடம் நாள்பட்ட இடுப்பு வலியின் வாய்ப்பு விகிதத்தை 1.43 என்று கணக்கிட்டது (1 என்றால் வித்தியாசமே இல்லை என்று அர்த்தம்). தொடர்பு உண்டு, சின்னதுமல்ல. ஆனால் ‘குண்டானால் வலி நிச்சயம்’ என்று அதற்குப் பொருளில்லை. முதுகு டயர் அல்ல. உயிருள்ள பொருள் சுமை ஏற ஏறத் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளவும் செய்யும்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, லெப்டின் என்று ரசாயனங்களை ரத்தத்தில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். உடம்பு முழுக்கத் தணலாக ஓர் அழற்சி. நரம்புகள் சின்ன வலிக்கும் பெரிதாகக் கத்தப் பழகிவிடும். டிஸ்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டிலிருந்து கசிந்து வருவதுதான் அதன் சாப்பாடு. அசைவில்லாமல் கிடந்தால் அதுவும் சுணங்கும். இதோடு குறட்டைத் தூக்கம். கழுத்துக் கொழுப்பால் இரவில் மூச்சு அடைபடுகிறவர் ஆழ்ந்து தூங்குவதில்லை, தூங்காத மூளைக்கு மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும். இடுப்பு வலிக்குப் போகிற இடத்தில் ‘குறட்டை உண்டா?’ என்ற கேள்வி எழாவிட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பயம். ஒரு தடவை பிடித்துக்கொண்ட பிறகு குனியப் பயம், நடக்கப் பயம். பின்பக்கத் தசைகள் தளர்கின்றன, எடை இன்னும் இரண்டு கிலோ ஏறுகிறது. வெளிவட்டச் சாலையில் ஒன்றரை மணி நேரம் காருக்குள் மடங்கி உட்கார்ந்து, ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பவும் ஒன்றரை மணி நேரம் உட்காருகிற ஊரில் இந்தச் சுழலுக்கு யாரும் தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை.

‘நான் குண்டில்லையே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புனேவின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் டாக்டர் ஜான் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. இருவரும் தங்கள் படத்தையே போட்டு 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். நம் உடல்வாகு அப்படி: கை கால் ஒல்லி, நடுவில் மட்டும் உருண்டை. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே அதிக எடை, 25-இல் பருமன் என்று கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இடுப்பு வலிக்காரர்கள் தராசை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வாரந்தோறும் பார்க்க வேண்டியது டேப்பை.

அளப்பதிலும் தப்பு நடக்கும். பேன்ட் சைஸ் அளவாகாது, தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்கு 34-லேயே வருஷக்கணக்கில் நிற்கும். கடைசி விலா எலும்பின் அடியையும், பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், தரைக்கு இணையாக டேப். வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய இடம்.

ஸ்கேனைப் பற்றியும் சொல்லிவிடலாம். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் 2015 தொகுப்பில், 40 வயதினரில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். நரைமுடி மாதிரி ஒரு சங்கதி. ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படுத்துக் கிடப்பவர்களுக்கு எம்ஆர்ஐ செய்த கெடுதல் கொஞ்சமில்லை.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நின்றுபோவது அல்லது தெரியாமல் கசிவது, பாதம் தொங்கிப்போய்ச் செருப்பு நழுவுவது: இவை அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய சமாச்சாரம். வலியோடு காய்ச்சல், முயற்சி செய்யாமலே எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பின் வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. பருமனானவர் எடை இறங்கியதைக் கண்டு சந்தோஷப்பட்டுவிடுவார், அதுதான் ஆபத்து.

முடிச்சை அவிழ்க்க வேண்டிய இடம் இதுதான்: எடை குறையட்டும், பிறகு நடக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. நடை முதலில், எடை பின்னால். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்தி 2024-இல் லான்செட்டில் வந்த சோதனையில், இடுப்பு வலி ஒருமுறை வந்து தேறியவர்களைப் படிப்படியாக, வாரம் ஐந்து நாள், 30 நிமிட நடைக்குக் கொண்டுவந்தார்கள். நடக்காதவர்களுக்கு 112 நாளில் திரும்பி வந்த வலி, நடந்தவர்களுக்கு 208-ஆம் நாள்வரை தள்ளிப்போனது. எடை குறைவதற்காகக் காத்திருந்து கிடைத்த பலன் இல்லை அது.

தொடங்குகிற விதத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். புது ஷூ வாங்கிய ஞாயிற்றுக்கிழமை லால்பாகை இரண்டு சுற்று சுற்றி, பாறை மேலும் ஏறி இறங்கி, திங்கட்கிழமை லீவு போடுவார்கள். 90 கிலோக்காரர் முதல் வாரம் 7, 8 நிமிஷம், காலை மாலை இரண்டு வேளை, சமதரையில் நடந்தால் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டலாம். நம் தெரு நடைபாதைகளில் கல் எங்கே பெயர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது, கால் இடறி இடுப்பு வெட்டுவதற்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டே மேல். கப்பன் பார்க்கின் உள்சாலைகளும் நல்ல சமதரை. மெட்ரோவில் மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூருக்கு வருகிறவர் டிரினிட்டியிலேயே இறங்கி நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தானாகச் சேர்ந்துவிடும். நடக்கும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிக்கொண்டே போனால் தூரத்தைப் பாதியாக்குங்கள். கொஞ்ச தூரத்தில் கால் கனத்து மரத்து, உட்கார்ந்ததும் சரியாகிறதா? நரம்பு போகும் குழாய் சுருங்கியிருக்கலாம். அவர்களுக்கு நடையைவிட ஜிம்மில் நிற்கிற சைக்கிள் ஒத்துவரும், டாக்டரும் பார்க்க வேண்டும்.

தசைக்கு மூன்று பயிற்சி போதும். சுவரில் சாய்த்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை நெஞ்சை முன்னால் கொண்டுபோய், கை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். எட்டுத் தடவை, இரண்டு சுற்று. முட்டி வலித்தால் சீட்டில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். வேகமாக ‘தொப்’ என்று விழுந்தால் பயனில்லை, இறங்குகிற மூன்று விநாடிதான் பயிற்சியே.

இரண்டாவது, கையையும் முட்டியையும் ஊன்றி நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டுவது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்றில் ஒன்று. ஒவ்வொரு பிடியும் 10 விநாடிக்கு மேல் வேண்டாம்; பக்கத்துக்கு ஆறு, பிறகு நாலு, பிறகு இரண்டு. தொப்பை இருப்பவருக்கு இங்கே ஒரு பிசகு நடக்கும்: வயிறு கீழே இழுக்க, முதுகு தொட்டில் மாதிரி தொங்கிவிடும். முதல் இரண்டு வாரம் கையை ஊன்றியே வைத்து, காலை மட்டும் தரையில் வழுக்கிப் பின்னால் நீட்டினால் தொங்காது. முட்டிக்கு அடியில் நாலாக மடித்த போர்வை.

மூன்றாவது, பக்கவாட்டுப் பலகை. தரையில் செய்ய 90 கிலோ உடம்புக்குத் தோள் தாங்காது. சுவரில் முழங்கையை ஊன்றி, பாதத்தை ஒன்றரை அடி தள்ளி வைத்து, உடம்பைச் சாய்த்து நேராகப் பிடித்தால் அதே தசைக்குப் பாதிச் சுமை. சிட்-அப் மட்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றை மடக்கினால் அங்கிருக்கும் கொழுப்பு கரையும் என்பது வெறும் ஆசை, டிஸ்குக்குத்தான் வீண் அழுத்தம்.

எழுந்த முதல் ஒரு மணி நேரம் தனிக் கவனம் கேட்கிறது. இரவெல்லாம் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் நாம் ஒரு செ.மீ.க்கு மேல் உயரமாக இருப்பதே அதனால்தான். உப்பிய டிஸ்கை மடக்கினால் இழுவை அதிகம். வாஷ்பேசினில் குனிந்து பல் தேய்ப்பதற்குப் பதில் ஒரு கையைப் பேசினில் ஊன்றிக்கொள்ளலாம். ஷூ லேஸைக் கடைசியில், காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக் கட்டலாம். 15 லிட்டர் பக்கெட்டை நிரப்பி நகர்த்தாமல், நகர்த்தி வைத்து நிரப்பலாம். கோலம் போடுகிறவர்கள் அரை மணி தள்ளிப் போட்டால் வாசல் கோபித்துக்கொள்ளாது.

சாப்பாட்டில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் நல்ல பலன். 90 கிலோவுக்கு நாலரை முதல் ஒன்பது. எளிய தணிக்கை எண்ணெயில் இருக்கிறது. ஆளுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் மாதம் 650 மில்லி, நாலு பேர் வீட்டுக்கு இரண்டரை லிட்டர். மாதச் சாமான் பில்லை எடுத்துப் பாருங்கள், ஐந்து லிட்டர் ஓடுகிற வீடுகள் உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. இந்த ஊர் தர்ஷினி ஓட்டல்கள் நின்றுகொண்டே சாப்பிட வைப்பது முதுகுக்கு நல்ல காரியம்தான், தட்டில் பளபளக்கும் பெண்ணெ (வெண்ணெய்) மசாலா தோசை அந்தப் புண்ணியத்தைக் கரைத்துவிடுகிறது. இட்லியும் சாம்பாரும் கேளுங்கள், வடையை ஒதுக்குங்கள். மூன்று காபிக்கு இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் அதுவே 30 கிராம். புரதம் குறைந்தால் எடையோடு தசையும் போய்விடும், போகிற தசை முதுகைப் பிடித்திருக்கிற தசை. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம், முட்டைக்கு 6, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்துக்கு 7 என்று சேர்த்துக்கொண்டே வரலாம். 2025-இல் இங்கே விற்பனைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் போடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பசியே இல்லாததால் அவர்கள் முதலில் விடுவது புரதத்தைத்தான்.

மருந்துச் சீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நரம்பு வலி என்று ப்ரீகேபலின் எழுதியிருந்தால், அது எடையைக் கூட்டக்கூடிய மருந்து. காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலியில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-இல் சிட்னி சோதனை காட்டியது. தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. தொப்பையில் பெல்ட் எப்படியும் நிற்காது. உட்கார்ந்ததும் விலாவுக்கு ஏறிவிடும், வயிற்றை அழுத்தி நெஞ்செரிச்சலையும் கொண்டுவரும். ‘தரையில் படு’ என்ற பாட்டி வைத்தியமும் அப்படித்தான். 2003-இல் ஸ்பெயினில் 313 பேரிடம் ஒப்பிட்டபோது, கல் மாதிரி மெத்தையைவிட நடுத்தர உறுதியான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது. கனமானவர் தரையிலிருந்து எழுகிற பாடு வேறு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் ஒருநாள் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். ஸ்பீடு பிரேக்கரில் ஸ்கூட்டர் குதித்திருக்கும், ஓசூர் ரோட்டில் ராத்திரி பஸ் ஆட்டியிருக்கும், அல்லது காரணமே இருக்காது. அன்றைக்கு நடையைப் பாதியாக்கி இரண்டு மூன்று தவணையாகப் பிரியுங்கள். முட்டிக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். நாற்காலிப் பயிற்சியைத் தலையணை போட்டு உயர்த்திய சீட்டில் நாலு தடவையோடு நிறுத்துங்கள். படுக்கையில் இரண்டு நாளைத் தாண்ட வேண்டாம். மூன்றாம் நாள் தண்ணீர் கேன் வரும், ஸ்டூல் கதவோரமே இருக்கட்டும்.